அரசாங்கத்தின் கை எட்டும் தூரம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "எங்கள் டிவிசனில் சிக்னல் இல்லை என்று தொலைபேசிக் கம்பனிக்குச் சொன்னால், கோபுரம் வைக்க இடம் கிடைக்கவில்லை என்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் என் சித்தி மகளின் முகத்தை எவனோ செயற்கை நுண்ணறிவால் வேறொரு படத்தில் ஒட்டி வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பிவிட்டான். பொலிஸுக்குப் போனால், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிடம் போகச் சொல்கிறார்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்று வந்ததே, அது எங்கே? செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டமே இல்லை என்பது உண்மையா? அரசாங்கம் இவற்றையெல்லாம் எப்படித்தான் கட்டுப்படுத்துகிறது, அண்ணா?"

டீச்சர், ஒரே மூச்சில் நீங்கள் கேட்டவை மூன்று வேறு வேறு விடயங்கள். பொலிஸ்காரர் குழம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. பதினெட்டு வருடம் கோபுரங்களில் ஏறி இறங்கி வேலை செய்தவன் நான். பிறகு வேலையை விட்டு, ஹட்டனில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட முறைப்பாட்டுக் கடிதங்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். இத்தனை காலத்தில் நான் கண்டது ஒன்றுதான். எதில் பிடி இருக்கிறதோ அதைத்தான் அரசாங்கம் பிடிக்கும். கவ்வாத்துக் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் பிடி கழன்றால் செடியை வெட்டாது, கையைத்தான் வெட்டும். தொலைபேசிக் கம்பனியில் அரசாங்கத்துக்கு நல்ல பிடி உண்டு. சமூக ஊடகக் கம்பனியில் அரைகுறைப் பிடி. செயற்கை நுண்ணறிவில் அதற்கென்று இன்னும் பிடியே போடவில்லை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் மூன்று விதமான பதில் கிடைப்பது இதனால்தான்.

பிடி உள்ள இடத்திலிருந்து தொடங்குகிறேன். இலங்கையில் தொலைத்தொடர்புக்கு அடிப்படைச் சட்டம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம். 1996இல் அதைத் திருத்தித்தான் இன்றைய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை உண்டாக்கினார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் இந்த நாட்டில் தொலைபேசிச் சேவை நடத்த முடியாது. காற்றில் ஓடும் அலைவரிசையும் அரசாங்கத்தின் சொத்து. எந்தக் கம்பனி எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதை ஆணைக்குழு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணத் திட்டங்களுக்கு அங்கீகாரம், இறக்குமதியாகும் கையடக்கத் தொலைபேசிகளின் பதிவு, சிம் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்ற விபரம் எல்லாம் இதே பிடிக்குள் வருகின்றன. கம்பனியின் கோபுரம், கேபிள், கட்டடம், பணம் என எல்லாமே நாட்டுக்குள் இருப்பதால் ஆணைக்குழுவிலிருந்து ஒரு கடிதம் போனால் பதில் வந்தே தீரும்.

2024இல் இந்தச் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். செய்மதி வழி இணையம் உள்ளே வர வழி திறந்ததும் அந்தத் திருத்தம்தான். அதற்குப் பிறகு ஸ்டார்லிங்க் அனுமதிப்பத்திரம் பெற்று 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. "இனி மலைக்குப் பின்னால் இருந்தாலும் கவலையில்லை" என்று எனக்கு நாலைந்து பேர் செய்தி அனுப்பினார்கள். வானத்திலிருந்து சிக்னல் வரும், உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபா என்று வர்த்தமானியில் போட்டிருந்தார்கள். அந்தச் சம்பளத்தில் செய்மதி இணையத்துக்கு மாதக் கட்டணம் கட்டுவது தொழிலாளர் இருக்கும் வரிசை வீடான எந்த லயத்திலும் நடக்காது.

இவ்வளவு பிடி இருந்தும் உங்கள் டிவிசனில் ஏன் சிக்னல் இல்லை? இதற்கு இரண்டு காரணம். ஒன்று மலை செய்வது, மற்றது சட்டம் செய்வது.

மலையின் காரணம் எளிது. அலைவரிசை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அதிகத் தரவைச் சுமக்கும், ஆனால் தடையைச் சுற்றி வளையாது. 900 மெகாஹேர்ட்ஸில் போகும் அலை மலை விளிம்பில் ஓரளவு வளைந்து பின்பக்கத்துப் பள்ளத்திலும் கொஞ்சம் விழும். வேகமான இணையத்துக்குப் பயன்படும் 1800, 2600 மெகாஹேர்ட்ஸ் அலைகள் வெளிச்சம் மாதிரி, மலைக்குப் பின்னால் நிழல்தான். சமதரையில் ஒரு கோபுரம் செய்யும் வேலைக்கு இங்கே மூன்று, நாலு கோபுரம் வேண்டும். ஒவ்வொன்றும் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் நூற்றுக்கணக்கில்தான். கம்பனியின் கணக்கில் அது நட்டம். பிள்ளைகள் கொரோனாக் காலத்தில் பாறையிலும் மரத்திலும் ஏறி இணைய வகுப்பில் சேர்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். பதுளை மாவட்டத்தில் பிள்ளைகள் அப்படி மலையேறியதை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள்கூடப் படம் பிடித்துப் போட்டன. 2021இல் ஆணைக்குழு கிராமங்களுக்கு நாலாம் தலைமுறைச் சேவை கொண்டுபோகும் திட்டமொன்றை இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கி, கோபுரச் செலவில் ஒரு பங்கைத் தானும் ஏற்றது. லாபமில்லாத இடத்துக்குச் சேவை போக வேண்டுமானால் உலகம் முழுக்க இதுதான் வழி. லாபமுள்ள இடத்திலிருந்து வரும் பணத்தில் கொஞ்சம் எடுத்து மலைக்குச் செலவழிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நம்முடைய பழைய புண். கோபுரம் வைக்க நிலம் வேண்டும். கிராமத்தில் ஒருவர் தன் காணியில் கால் ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுப்பார், கம்பனி வேலையைத் தொடங்கும். தோட்டத்தில் யார் கொடுப்பது? 1992இல் தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. லயத்தில் நாலு தலைமுறையாக இருப்பவருக்கு ஓர் உறுதிப்பத்திரம்கூட இல்லை. ஆகவே தொலைபேசிக் கம்பனி தோட்டத்தை நடத்தும் துரையிடம் போகும், துரை கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதுவார், அங்கிருந்து அரச நிறுவனத்துக்குப் போகும், பிறகு பிரதேச சபை அனுமதி. நான் வேலையில் இருந்தபோது ஒரு கோபுரத்துக்கான கோப்பு இப்படி மூன்று மேசைகளைச் சுற்றிக்கொண்டிருந்ததில், அளந்து குச்சி நட்ட இடத்தில் மானாப் புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கப் பிரதேச சபைகளுக்கே 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை வழி இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வேர் எங்கே என்று புரியும். உங்கள் டிவிசனில் சிக்னல் இல்லாததற்குத் தொலைத்தொடர்புச் சட்டத்தைவிடக் காணிச் சட்டம்தான் பெரிய காரணம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் சரிந்தபோது, தொடர்பு அறுந்து கிடந்த ஊர்களில் உறவுகளைத் தேடியவர்களுக்கு இந்தக் கோப்பு விடயம் உயிர் விடயம் என்பது விளங்கியிருக்கும். கோபுரத்தின் மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்க வேண்டும், ஒரு கம்பனியின் கோபுரம் விழுந்தால் மற்றக் கம்பனி அந்தச் சந்தாதாரரை ஏற்க வேண்டுமா, எச்சரிக்கைக் குறுஞ்செய்தி தமிழில் வருகிறதா, வரும் தமிழ் வாசித்தால் விளங்குகிற தமிழா என்பதெல்லாம் அனுமதிப்பத்திர நிபந்தனையில் எழுதக்கூடிய விடயங்கள். இதைக் கேட்கப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற பிடியை இறுக்கினாலே போதும்.

பிடி உள்ள இடத்தில் அரசாங்கம் பிடிக்கும் என்றேன். அதற்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. பிரச்சினை வேறெங்கோ இருந்தாலும் கை பிடியிருக்கும் இடத்துக்கே போய்விடும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். பேஸ்புக்கில் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் அதற்கு எண்ணெய் ஊற்றின. முறைப்பாடுகள் போயும் அவற்றை வாசித்துப் புரிந்துகொள்ளச் சிங்களம் தெரிந்த ஆட்கள் அந்தக் கம்பனியிடம் போதவில்லை. அரசாங்கத்தால் பேஸ்புக்கைக் கூப்பிட்டுக் கேட்க முடியவில்லை. தொலைபேசிக் கம்பனிகளைக் கூப்பிடலாம் அல்லவா? கூப்பிட்டு, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. எரித்தவர்கள் தெருவிலேதான் நின்றார்கள், உறவினரைத் தேடியவர்கள்தான் இருட்டில் கிடந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில், தங்கள் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் மறுபடியும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சு கேட்டதன் பேரில் பதினைந்து மணிநேரம் அளவில் முடக்கியபோது கலவரம் ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு நடக்கவிருந்தது மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று களைத்தவர்களின் ஆர்ப்பாட்டம். என் தனிப்பட்ட கருத்து, முடக்கத்தை ஒழுங்குபடுத்தல் என்றே சொல்லக்கூடாது. ஒழுங்குபடுத்தத் தெரியாதபோது செய்வதுதான் முடக்கம்.

இப்போது நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு வருகிறேன். சமூக ஊடகத்திலும் ஒரு பிடி போடலாம் என்று செய்த முயற்சி அது. 2023 செப்டெம்பரில் மசோதா வர்த்தமானியில் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற வேண்டுமானால் முப்பதுக்கும் மேற்பட்ட வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்களை முழுமையாகச் செய்யாமலே கையொப்பமிட்டார் என்று எதிர்க்கட்சி சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையே கொண்டுவந்தது. பிரேரணை தோற்றது.

சட்டத்தில் என்ன இருக்கிறது? அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. தடைசெய்யப்பட்ட கூற்று என்று அது தீர்மானித்தால் இருபத்துநாலு மணிநேரத்துக்குள் அகற்றச் சொல்லலாம். பொய்யான கூற்றுகளுக்குச் சிறை. எது பொய் என்று ஐந்து பேர் தீர்மானிப்பதா என்பதுதான் பத்திரிகையாளர்களின் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. தோட்டத்தில் சம்பளப் போராட்டம் பற்றி ஒரு பெடியன் போடும் பதிவில் ஒரு தொகை பிழையாக இருந்தால் அது பிழையா, பொய்யா, நாட்டின் அமைதிக்கு அச்சுறுத்தலா? எழுதிய சட்டத்தைவிட அதை வாசிக்கும் அதிகாரியின் மனநிலை அங்கே பெரிதாகிவிடும். இதே சட்டத்தில் தனிப்பட்ட தகவலை, படமும் காணொளியும் உட்பட, துன்புறுத்துவதற்காகப் பரப்புவது குற்றம் என்றொரு பிரிவும் உண்டு. உங்கள் சித்தி மகளுக்குப் பயன்படக்கூடியது அந்தப் பிரிவு. நல்ல பிள்ளையையும் கெட்ட பிள்ளையையும் ஒரே தொட்டிலில் போட்ட சட்டம் என்று நான் சொல்வதுண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு முழுவதும் ஆணைக்குழுவுக்கு ஒரு உறுப்பினர்கூட நியமிக்கப்படவில்லை. ஆட்சி மாறியது, திருத்தப் போகிறோம் என்றார்கள். "அது எங்கே?" என்ற உங்கள் கேள்விக்கு என்னால் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் இதுதான்: புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு கதவு ஆணைக்குழு இல்லாமலே திறந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சத்தியக் கடதாசியோடு நேரடியாக நீதவான் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, பரப்புவதைத் தடுக்கும் உத்தரவைக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பொலிஸ் நிலையத்தில் இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

இந்தச் சட்டத்தின் உருவம் சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எடுத்தது. பார்த்து எடுத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கூகுள், மெட்டா, டிக்டொக் மூன்றும் சிங்கப்பூரில்தான் பெரிய பிராந்திய அலுவலகம் வைத்திருக்கின்றன. அங்கே அரசாங்கம் கடிதம் கொடுத்தால் கையொப்பமிட்டு வாங்க ஆள் உண்டு. கொழும்பில் அப்படி யார் இருக்கிறார்கள்? பெரிய சந்தை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பிடி கிடைக்கிறது, பணம். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சேவைச் சட்டத்தில் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை தண்டம் போடலாம். பிரித்தானியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 10 சதவீதம் வரை போகிறது. அவர்களுடைய சட்டத்தில் எனக்குப் பிடித்தது தண்டத்தின் அளவல்ல. எந்தப் பதிவு பொய் என்று அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க முற்படுவதைவிட, முறைப்பாடு வந்தால் பார்க்க உன்னிடம் ஏற்பாடு இருக்கிறதா, பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தை மதிப்பிட்டாயா, என்ன செய்தாய் என்று கம்பனியைக் கேட்பதில்தான் அந்தச் சட்டங்களின் பாரம் இருக்கிறது. அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி போய், 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்று ஆக்கியது. இரண்டு கோடிச் சொச்சம் பேர் உள்ள நாங்கள் தனியாக நின்று மிரட்டினால் எந்தக் கம்பனியும் திரும்பிப் பார்க்காது. ஆனால் "எங்கள் நாட்டு முறைப்பாடுகளுக்குச் சிங்களமும் தமிழும் தெரிந்த எத்தனை பேரை வைத்திருக்கிறாய்?" என்று ஆண்டுதோறும் எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் பகிரங்கப்படுத்தலாம். திகனவிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டமே இல்லையா? இலங்கையில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024இல் தேசிய மூலோபாய வரைவொன்றை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மூலோபாயம் என்பது ஆசைகளின் பட்டியல், அதை வைத்து யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. உலகத்திலும் ஆளுக்கொரு பக்கம் பிடி தேடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அது கருவியைப் பிடிப்பதைவிட, கருவியை எதற்குப் பயன்படுத்துகிறாய் என்பதையே முதலில் பார்க்கிறது. சில பயன்பாடுகள் 2025 பெப்ரவரி முதல் முற்றாகத் தடை. வேலைத்தளத்திலும் பாடசாலையிலும் ஆளின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அளப்பது அதில் ஒன்று. சீனா, இயந்திரம் செய்த படத்திலும் குரலிலும் அடையாளம் இட வேண்டும் என்று 2025 செப்டெம்பர் முதல் கட்டாயமாக்கியது. அமெரிக்கா 2025 மே மாதத்தில் கொண்டுவந்த சட்டம், ஒருவரின் சம்மதமில்லாத அந்தரங்கப் படத்தை, இயந்திரத்தால் செய்த போலிப் படமானாலும், முறைப்பாடு வந்து நாற்பத்தெட்டு மணிநேரத்துக்குள் தளங்கள் அகற்ற வேண்டும் என்கிறது. செய்த கருவியைத் தேடாமல், படம் தங்கியிருக்கும் இடத்தைப் பிடித்தார்கள். அது கெட்டித்தனம்.

நம்மிடம் உள்ள அரைப் பிடி, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. கைரேகை, முகம் போன்ற உடல் அடையாளங்கள் விசேட பாதுகாப்புக்குரியவை. நாளைக்குத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் முகத்தைக் காட்டிப் பேர் போடும் கருவி வந்தால், கைபேசிக் கடன் செயலி ஒன்று "உனக்குக் கடன் இல்லை" என்று தானாகவே தீர்மானித்தால், கை வைக்கக்கூடிய சட்டம் இதுதான். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கியப் பகுதிகளைக் கடைசி நேரத்தில் பின்போட்டு, அந்த ஆண்டு ஒக்டோபரில் திருத்தச் சட்டமும் நிறைவேற்றினார்கள். கத்தி தீட்டித் தீட்டியே தேய்கிறது.

இனி உங்கள் சித்தி மகளின் விடயம். செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டமில்லை என்பதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். படத்தை இயந்திரம் செய்திருக்கலாம், அனுப்பியது ஒரு மனிதர், அனுப்பியது ஒரு தொலைபேசி இலக்கத்திலிருந்து. நான் முதலில் சொன்ன பழைய, பலமான பிடி இங்கேதான் உதவும். அந்த இலக்கம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்பது தொலைபேசிக் கம்பனியிடம் இருக்கிறது. பொலிஸ் சட்டப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டும். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்தில் விசாரணை அதிகாரிக்குத் தரவை அழியாமல் வைத்திருக்கும்படி எழுத்தில் கேட்கும் அதிகாரமும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்குகிறது. அது 1995இலேயே வந்தது, செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை அதில் தேட வேண்டியதில்லை. இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். டவுன் கடையில் ஒருவருடைய அடையாள அட்டையில் ஐந்தாறு பேர் சிம் வாங்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. இலக்கத்தைத் தேடிப் போனால், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியாத ஒரு பாட்டி வந்து நிற்பார். அப்படி நின்ற ஒரு பாட்டிக்கு நானே விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் மாணவர்களின் வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள்.

படம் வந்த குழுவிலிருந்து அவர் இப்போதைக்கு வெளியேற வேண்டாம். அனுப்பியவரின் இலக்கம், குழுவின் பெயர், திகதி, நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைக்கட்டும். "பார், உன்னைப் பற்றி என்ன போட்டிருக்கிறார்கள்" என்று உறவினர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அதுவும் பரப்புதல்தான். வாட்ஸ்அப்பிலேயே முறைப்பாடு செய்யலாம். முறைப்பாடு செய்தால் அந்த உரையாடலின் கடைசி ஐந்து செய்திகள் கம்பனிக்குப் போகும், மற்றபடி மூடிய குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. படம் பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ டிக்டொக்கிலோ ஏறாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்றொரு இலவசச் சேவை உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் கைபேசியிலேயே படத்துக்கு ஓர் இலக்கக் கைரேகை உண்டாகும், அந்தக் கைரேகை மட்டும் தளங்களுக்குப் போகும். அது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பிள்ளையாக இருந்தால் 1929க்கு எடுக்க வேண்டும், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொலிஸில் மறுபடி போகும்போது "சமூக ஊடகப் பிரச்சினை" என்று தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால்தான் ஆணைக்குழுவைக் காட்டுவார்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழு கோபுரம், கட்டணம், சிம், கருவி பற்றியது. ஒருவர் இன்னொருவருக்குச் செய்த குற்றத்தை விசாரிப்பது அதன் வேலையல்ல. "345ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுக்கக் கேளுங்கள். அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பே கொடுக்கிறது, நுவரெலியாவிலும் பதுளையிலும் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டும் இருக்கின்றன. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவும் வேண்டாம்.

சிக்னல் விடயத்துக்கு வேறு வழி. முதலில் கம்பனியில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை எடுங்கள். பதில் சரியில்லை என்றால் ஆணைக்குழுவின் 1900. அதோடு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவிடமும் பிரதேச சபையிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எங்கள் டிவிசனுக்குக் கோபுரம் கேட்டு விண்ணப்பம் வந்ததா, வந்திருந்தால் எந்த மேசையில் நிற்கிறது? பதினாலு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் ஒரு முறை ஓர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் இப்படிக் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் வந்தது. தமிழில் தரும்படி திரும்ப எழுதினேன். இரண்டாவது பதில் தமிழில் வந்தது, கூடவே முதல் பதிலில் இல்லாத ஒரு திகதியும் இருந்தது. கோப்பு எந்த மேசையில் எப்போதிருந்து கிடக்கிறது என்று காட்டிய திகதி அது.

கடிதங்களில் லயத்து இலக்கத்தை மட்டும் எழுதாதீர்கள், பாடசாலை முகவரியைக் கொடுங்கள். தோட்டத்து முகவரிக்கு வரும் தபால், தோட்ட ஒபீசில் தங்கித் தங்கித்தான் வரும் என்பது உங்களுக்கே தெரியும். சித்தி மகளின் முறைப்பாட்டை எழுதியதும் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி காட்டுங்கள், பிரிவு இலக்கங்களைச் சரிபார்த்துத் தருகிறேன். படத்தை எனக்கும் அனுப்ப வேண்டாம்.